வண்டிக்குள் ஒரு நிகண்டு

ஒழுங்கு என்பதில் இருவகை உண்டு என்று தோன்றுகிறது. வைத்தவருக்கு மட்டுமே புலப்படும் ஒழுங்கு ஒன்று. வைத்தவர் அருகில் இல்லாதபோதும் பிறர் கைக்கு எட்டும் ஒழுங்கு மற்றொன்று. தமிழில் சொற்களை அடுக்கிய வரலாற்றில் இவ்விரண்டையும் காணலாம். திவாகர நிகண்டு சொற்களைத் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வகையாகப் பன்னிரண்டு தொகுதிகளில் வைத்தது. நூற்பாக்களை மனப்பாடம் செய்தவனுக்கே அதில் சொல் அகப்படும். 1594-இல் சிதம்பரம் இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்தைக் கொண்டு சொற்களை வரிசைப்படுத்தியது. 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அவ்வழியை மேலும் செப்பம் செய்தது. எழுத்து வரிசை அறிந்த எவரும் இனிச் சொல்லைத் தேடிக்கொள்ளலாம் என்றாயிற்று.

இந்த வேறுபாட்டின் அருமை எனக்கு விளங்கியது என் தாய்மாமாவின் வண்டியில்தான்.

மாமா கடலூரில் நீர்மூழ்கி மோட்டார்களைப் பழுதுபார்த்துவந்தார். வீடு மஞ்சக்குப்பத்தில், வேலையோ ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, புவனகிரி என்று சிதம்பரம் வரை நீளும். முதலில் சைக்கிளின் பின்னால் ஒரு சாக்குப்பை. பிறகு டிவிஎஸ் 50. 2008-இல் கடன் வாங்கி ஒரு டாடா ஏஸ். 2005-இல் சந்தைக்கு வந்து, அதற்குள் ஊரெங்கும் 'குட்டியானை' என்று பெயர் எடுத்துவிட்ட வண்டி. அதன் பின்தொட்டியில் இருபுறமும் இரும்புச் சட்டம் அடித்துப் பலகைத் தட்டுகள் அமைத்தார்.

புதிதாய்ப் பார்ப்பவருக்கு அத்தட்டுகள் குழப்பமாகவே தெரியும். ஸ்பேனர்கள் ஓரிடத்தில் இல்லை, திருப்புளிகளும் அப்படியே. ஆனால் கருவிகளுக்கு அங்கே ஓர் இலக்கணம் இருந்தது. மோட்டார் ஓடவில்லை என்று அழைப்பு வந்தால் கோளாறு பெரும்பாலும் தரைக்கு மேலேயே இருக்கும்: ஃபியூஸ், ஸ்டார்ட்டர், கெப்பாசிடர். ஆகவே பின்கதவைத் திறந்ததும் டெஸ்டர், மெக்கர், கிளாம்ப் மீட்டர். அங்கே தீராவிட்டால் மோட்டாரை மேலே தூக்க வேண்டும். அடுத்த தட்டில் செயின் பிளாக், கயிறு, பைப் ரிஞ்ச், குழாயைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கிளாம்புகள். தூக்கிய பின் கேபிள் இணைப்புக்கான டேப்பும் குறடும். ஆக உள்ளே, ஓட்டுநர் இருக்கையை ஒட்டி, பம்பைப் பிரித்தால் மட்டும் தேவைப்படும் இம்பெல்லர், புஷ், சீல், ஓ-ரிங். ஆழ்துளைக் கிணறு ஒன்றைப் படுக்க வைத்ததுபோல் இருந்தது அந்த வண்டி. கிணற்றில் எது எவ்வளவு ஆழத்தில் உள்ளதோ, அதற்கான கருவி வண்டியில் அவ்வளவு உள்ளே.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை ஒட்டிக் கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று. ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இணைத்து மோட்டாரை ஓட்டினால்தான் குடிக்கத் தண்ணீர். அந்த நாட்களில் இரவும் பகலும் மாமாவுக்கு வேலை இருந்தது. புதுச்சத்திரம் பக்கம் ஓரிரவு நானும் உடன் சென்றேன். டார்ச் வெளிச்சம் முழுவதும் கிணற்று வாயில் தேவைப்பட்டது. மாமா இருட்டில் வண்டிக்குள் கைவிடுவார். கேட்ட பொருள் கையோடு வரும்.

2016-இல் மாமாவைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கையும் பேச்சும் போயின. நிகண்டு இருந்தது, மனப்பாடமாகச் சொல்பவர் இல்லை. சம்பா நாற்றங்கால் நேரம். அழைப்புகள் வந்தபடி இருந்தன. வண்டியின் தவணையும் இரு பெண்களின் படிப்புச் செலவும் அத்தையின் தலையில் விழுந்தன. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வண்டிக்கு ஒரு விலை, உள்ளே இருப்பதற்கு எடைக்கணக்கு என்றார். இருபத்தைந்து ஆண்டுகளில் சேர்ந்த உதிரிபாகங்கள், எது எதற்கென்று அறிந்தவர் இல்லாவிட்டால் பழைய இரும்புதான். அவர் சொன்னதில் தவறில்லை.

வண்டியை விற்க விடாமல் தடுத்தது மாமாவின் உதவியாளராக இருந்த இளைஞர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் தார்ப்பாய் விரித்து அத்தனையையும் இறக்கினார். மாமாவை நாற்காலியில் அமர்த்தி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இது எங்கண்ணே?" என்று கேட்டார். மாமா இடக்கையால் தட்டைச் சுட்டுவார். உடனே அந்தத் தட்டில் பெயின்ட்டால் பெயர் ஏறும். முன்பு கடலூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தபோது, கருவியின் நிழலைப் பலகையில் வரைந்து வைக்கும் முறையை அவர் பார்த்திருந்தார். செய்ரி, செய்தொன் என்று தொடங்கும் ஐந்து சொற்களில் ஜப்பானியர் வகுத்த பணியிட ஒழுங்கில் இம்முறைக்கும் இடமுண்டு. இடம் காலியாக இருந்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். கருவியைக் கிணற்றடியில் மறந்து வர முடியாது.

ஸ்பேனர்களை 6-7 முதல் 20-22 வரை வரிசையாக ஆணியில் மாட்டியபோது மட்டும் மாமா தலையை அசைத்து மறுத்தார். 18-19 அங்கே இருக்கக் கூடாது; அது கிளாம்புகளோடு இருக்க வேண்டும். நூறு அடிக் குழாய் கிளாம்பில் தொங்கும்போது யாரும் எட்டி ஸ்பேனர் தேட முடியாது. இளைஞர் சற்று யோசித்துவிட்டு, மறுநாள் இன்னொரு 18-19 வாங்கி வந்தார். வரிசையில் ஒன்று, கிளாம்போடு ஒன்று. தமிழில் நிகண்டும் அகராதியும் அருகருகே வாழ்ந்த காலம் என் நினைவுக்கு வந்தது.

மாமா 2019-இல் காலமானார். வண்டி இன்றும் சிதம்பரம் சாலையில் ஓடுகிறது. பெண்கள் இருவரும் படித்து முடித்துவிட்டார்கள். அத்தைக்கு மாதந்தோறும் ஒரு பங்கு வந்துவிடுகிறது.

அதில் ஒரு தகரப் பெட்டிக்கு மட்டும் இன்னும் பெயர் இல்லை. அன்று மாமாவிடம் காட்டியபோது அவர் எந்தத் தட்டையும் சுட்டாமல் சிரித்துவிட்டாராம். பித்தளைக் கிளாண்டுகள், கைபம்பின் தோல் வாசர்கள், எந்தக் கம்பெனியுடையது என்று தெரியாத வால்வுகள். ஒருமுறை புவனகிரிப் பக்கம் ஒரு பழைய மோனோபிளாக்கிற்கு அதிலிருந்த கிளாண்ட் ஒன்று பொருந்தியதாம். திவாகரத்தின் ஆறாம் தொகுதிக்குப் பல்பொருட் பெயர்த் தொகுதி என்று பெயர்; அதையே எழுதிவிடலாமே என்றேன்.

"பேர் எழுதிட்டா திறந்து பார்க்க மாட்டேண்ணே" என்றார் அவர். கடற்கரைக் காற்று இரும்பையும் பித்தளையையும் விடாது. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியால் துடைத்து, கையில் திருப்பிப் பார்த்து மீண்டும் வைக்கிறார்.