தாய்மாமன் கொடுத்த சைக்கிள்

தங்கை மகனுக்கு நான் கொடுத்த சைக்கிளின் முன்சக்கர ரிம் தேய்ந்துபோயிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன். இதை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

சடையங்குப்பத்தில் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குப் புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொசஸ்தலை ஆற்றங்கரை ஊர். 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரி நீர் வந்தபோது மணலி புதுநகரோடு சேர்ந்து நாங்களும் மூழ்கினோம். வெள்ளம் வடிந்தால் சேறு, சேறு காய்ந்தால் புழுதி. பெரிய ரோட்டுக்கு ஏறினால் கன்டெய்னர் லாரிகள் கிளப்புவது தனி. இந்த மண்ணெல்லாம் பிரேக் கட்டையின் ரப்பரில் பதிந்துகொள்ளும். ரிம்மிலிருந்து சுரண்டிய அலுமினியத் துணுக்குகளும் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் ரிம்மைப் பிடிப்பது ரப்பர் இல்லை, உப்புத்தாள். மழையில் நனைந்த மண்ணோடு ஓட்டினால் தேய்மானம் இன்னும் வேகம்.

அப்பா ஓட்டிய ஹெர்குலிஸுக்கு இந்த வியாதி கிடையாது. 1949-ல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிப்பு, இரும்பு ரிம், ராடு பிரேக். லீவரை அழுத்தினால் கட்டை மேல்நோக்கி இழுபட்டு, ரிம்மின் உள்முகத்தில், அதாவது அச்சைப் பார்த்த பக்கத்தில் உரசும். டயரைக் கவ்வியிருக்கும் ஓரச் சுவரை அது தொடாது. மழையில் வண்டி நிற்காது என்பது வேறு கதை. என்னுடையது ஒயர் பிரேக், அலாய் ரிம். பிடிமானம் பிரமாதம். ஆனால் கட்டை உரசுவதும் டயரின் காற்றழுத்தத்தைத் தாங்குவதும் ஒரே சுவர். புதிதில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனம். அது தேயத் தேய, காற்று உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். ஒருநாள் வாயைப் பிளந்துவிடும்.

எனக்கு முதலில் கேட்டது கரகரவென்ற சத்தம். புழுதிதான் என்று விட்டேன். பிரேக் தளர்ந்தபோதெல்லாம் ஒயரை இழுத்து முறுக்கினேனே தவிர, கட்டையைக் குனிந்து பார்க்கவில்லை. ரப்பர் கரைந்து அதன் இரும்புக் கூடு ரிம்மில் உரசத் தொடங்கிய பிறகும் ஓட்டினேன். பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் கடைக்காரர் ரிம்மின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். நடுவில் குழிந்திருந்தது, நகம் போய் உட்கார்ந்தது. "ரிம்மே தேஞ்சுபோச்சுண்ணே. கட்டைய மாத்தி பிரயோஜனம் இல்ல" என்றார். அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று கிளம்பிவிட்டேன். அந்த அடுத்த மாசம் வரவேயில்லை. அதற்குள் ஸ்கூட்டி வாங்கிவிட்டேன்.

தங்கை மகனுக்கு மணலியில் ஒரு குடோனில் வேலை கிடைத்தது. சைக்கிளைத் தருவதாகச் சொல்லிவிட்டேன். கொடுப்பதற்கு முன்னால் ரிம்மை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். புதுக் கட்டை மாட்டினேன். "பாரு, பிரேக் கட்டைகூட புதுசு" என்று காட்டியும் கொடுத்தேன். என்னுடைய பொய்க்கு அந்தக் கட்டைதான் சாட்சி.

ரிம் வெடித்தது பெரிய ரோட்டில், லாரி போகும் நேரத்தில். ஓரம் உரிந்து பிரேக்கில் சிக்க, முன்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. நல்லவேளை, இடது பக்கமாக, மண்ணில் விழுந்தான். உள்ளங்கையும் முழங்காலும் உரிந்ததோடு போயிற்று. "லாரிங்க போட்ட பள்ளம் மாமா, இந்த ரோட்ல என்ன வண்டி தாங்கும்" என்றான். நானும் ஆமாம் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் பழி போட இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆற்றில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்தது உண்மை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் வரை எண்ணெய் பரவியதும் உண்மை. ரோட்டில் பள்ளம் இருப்பதும் உண்மை. இத்தனை உண்மைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்கு வசதியாக இருந்தது. பள்ளத்தில் விழுந்தால் ரிம் நெளியும், கோட்டமாகும். ஓரம் தகடு தகடாக உரிந்து வராது. உரிந்த துண்டை நானே கையில் எடுத்துப் பார்த்தேன். விரலால் வளைக்க முடிந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டேன், அவன் கண்ணில் படக் கூடாது என்று.

புது ரிம் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். மாமாவுக்குப் பெரிய மனசு என்று தங்கை சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால் அச்சில் சொல்கிறேன், இதுவும் கோழைத்தனம்தான்.

பழைய சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கட்டை புதிதா என்று பார்க்காதீர்கள். ரிம்மின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். குழிந்திருந்தால், கொடுப்பவர் தாய்மாமனாகவே இருந்தாலும் வாங்காதீர்கள்.