ஏற்றம்

நான்கு ஆண்டுகளுக்கு முன், எங்கள் சோழபுரத்துக்காரரான நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அதில் ஒரு பத்தி கடுமையாக அமைந்துவிட்டது. கடுமை குற்றமில்லை. சிறுபத்திரிகைகளில் எழுதுகிறவனுக்குக் கிடைக்கிற ஒரே சன்மானம் அதுதான். ஆனால் அந்தப் பத்தியில் நான் ரசனையைப் பற்றிப் பேசவில்லை, தகவலைப் பற்றிப் பேசினேன். ஊரிலிருந்து மலையை நோக்கிப் போகும் சாலையை அவர் ஏறுகிற சாலையாக எழுதியிருந்தார். இது இரவல் வாங்கிய படிமம், மலை என்றவுடன் ஏற்றம் என்று எழுதிவிடும் கை வேகம், முகவூர், சேற்றூர், தேவதானம் என்று மேற்கே போகிற சாலைகள் சிலேட்டுப் பலகை மாதிரி சமமானவை, கவிஞர் தம் ஊர் மலையை பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறார் என்று எழுதினேன். கடைசி வாக்கியத்தை இரண்டு மூன்று நண்பர்கள் ரசித்துச் சொன்னார்கள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அவர் நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மதிப்புரை வந்த பிறகு வழியில் பார்த்தால் பழைய மாதிரியே பேசினார். அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஆனி கடைசியில் ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில், “தம்பி, அப்பா சைக்கிள் இன்னும் இருக்கா? ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வாங்க, மலைப்பக்கம் போயிட்டு வருவம்” என்றார்.

அப்பாவின் ஹெர்குலிஸ் 1983ல் வாங்கியது. இத்தாலியில் டஸ்கனி பிரதேசத்தில் கியாந்தி திராட்சைக் குன்றுகளின் ஊடே, தார் போடாத வெள்ளை மண் சாலைகளில் ஆண்டுதோறும் ஒரு சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. 1997ல் 92 பேரோடு தொடங்கியது. ‘எரோயிகா’ என்று பெயர். அந்தச் சாலைகளின் மேல் தார் ஊற்றிவிடாமல் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டது. 1987க்கு முன் செய்த பந்தய சைக்கிள்கள்தான் ஓடலாம் என்பது விதி. வயதில் எங்கள் ஹெர்குலிஸ் தேறிவிடும். மற்றபடி கேரியரும் டைனமோவும் செயின் கவருமாக முப்பது ஆண்டுகள் அரிசி மூட்டை சுமந்த வண்டி அது. கியர் என்பதை அறியாதது.

ஆடியில் போனோம். ஆடியில் போனது என் தரப்புக்கு ஒரு வசதி. எங்கள் பக்கம் மலையின் மழை மறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்ந்துவிட, முகட்டின் மேல் மேகம் மட்டும் உட்கார்ந்திருக்கும். இறங்கி வராது. வருவது காற்று. ஈரமில்லாத, மண்ணை வாரி முகத்தில் அடிக்கும் காற்று. அதற்கு எதிரே கியர் இல்லாத சைக்கிளை மிதிப்பது இன்னதென்று மிதித்தவர்களுக்குத் தெரியும். ஒரு கண்மாய் தாண்டுவதற்குள் தொடை இறுகிவிட்டது. அவர் முன்னால் உட்கார்ந்த வாக்கில், ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தார். சேற்றூரில் டீ குடிக்கும்போது, “காத்து பலமா இருக்கு அண்ணாச்சி” என்றேன். “காத்துந்தான்” என்றார். அந்த ‘உம்’ எனக்கு விளங்க ஆறு மாதம் ஆயிற்று.

தை மாதம் மறுபடி அழைத்தார். தையில் காற்று வடகிழக்கிலிருந்து வருவது. மேற்கே போகிறவனின் முதுகைத் தள்ளிவிட வேண்டும். தள்ளத்தான் செய்தது. இருந்தும் முகவூர் தாண்டியதும் அதே இறுக்கம் காலில் தொடங்கியது. சாலையைப் பார்த்தால் சமம். முன்னால் நெடுக சமம். செயின் உரசுகிறதா, டயரில் காற்று குறைந்துவிட்டதா என்று இறங்கிப் பார்த்தேன். எதுவும் இல்லை. அவர் ஒரு காலை ஊன்றி நின்று காத்திருந்தார். பிறகு பக்கத்துக் கண்மாயைக் காட்டி, “கரை எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டார். கிழக்கே இருந்தது. “வர்ற வழியில பாத்த கண்மாய்ல?” அதிலும் கிழக்கேதான். தண்ணீர் மேற்கிலிருந்து இறங்கி வருகிறது. தாழ்ந்த பக்கம்தானே கரை போட்டுத் தடுப்பான்? பிறந்ததிலிருந்து இந்தக் கண்மாய்களைப் பார்த்து வருகிறேன். பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் மலைகளைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவன். தரை சாய்ந்திருக்கிறது என்பது சம்சாரி வீட்டுச் சிறுவனுக்குத் தெரிந்த அளவுக்குக்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மலை காலங்காலமாக அரித்துக் கொண்டுவந்து கொட்டிய கல்லும் செம்மண்ணும்தான் அடிவாரம். அதன் சாய்வு கண்ணுக்குத் தப்பிவிடும். மோட்டார் சைக்கிளில் போனால் எஞ்சின் அதை விழுங்கிவிடும். பஸ்ஸில் சொல்லவே வேண்டாம். கால் மட்டுமே அதைப் படிக்கிறது.

ஆக, பஸ் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தவன் நான்தான். ராஜபாளையத்து வங்கிக்குப் பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் போய் வருகிறேன்.

இதை ஒப்புக்கொண்டவுடன், சைக்கிளில் போகிறவனே மலையை அறிவான் என்று இன்னொரு சித்தாந்தம் கட்டத் தோன்றியது. விமர்சகனின் வியாதி இது. புஸாட்டி அதைக் கெடுத்தார். ‘தார்த்தார் பாலைவெளி’ எழுதிய டினோ புஸாட்டி, 1949ல் இத்தாலி சைக்கிள் பந்தயத்தைப் பின்தொடர்ந்து மிலான் தினசரி ஒன்றுக்கு எழுதியவர். ஆல்ப்ஸ் மலையில் கோப்பி, பர்த்தாலியைத் தோற்கடித்ததை அக்கிலீஸ் ஹெக்டரைக் கொன்றதற்கு ஒப்பிட்டார். அவர் பார்த்ததோ காரில் உட்கார்ந்து. ஆனால் மிதிக்கிறவர்களின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனவே குற்றம் ஜன்னலில் இல்லை.

பவேஸேயும் நினைவுக்கு வந்தார். லாங்கே திராட்சைக் குன்றுகளில் 1908ல் பிறந்து, 1950 ஆகஸ்டில் டூரின் நகரத்து ஹோட்டல் அறையில் தற்கொலை செய்துகொண்டவர். அவருடைய கடைசி நாவலில் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்புகிறவனுக்குக் குன்று ஒரு காட்சியே அல்ல. வாரத்துக்கு உழுது நொடித்துப்போனவர்களின் தரை அது. நாமோ மலை என்றதும் குறிஞ்சி என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். எங்கள் அடிவாரம் குறிஞ்சி இல்லை. மருதம் என்றும் சொல்ல வராது. கிழக்கே கரிசலுக்கு கி. ராஜநாராயணனும் பூமணியும் வாய்த்தார்கள். மேற்கே இந்தச் சாய்வான செம்மண்ணுக்கு யார் என்று கேட்டால், எனக்குச் சட்டென்று வாயில் வருகிற பெயர் நான் மதிப்புரையில் அடித்த அந்த மனிதருடையதுதான்.

அன்று தேவதானம் தாண்டி மாந்தோப்புகள் வரை போனோம். மாம்பூ பூத்து, காற்றில் ஒருவிதப் புளிப்பு வாசனை. வழி நெடுக, தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் மிஷின் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு, எங்கள் செயின் சத்தம் மட்டும்தான் இருந்தது. பஸ்ஸிலிருந்து நீலச் சுவர் மாதிரி தெரிகிற மலை, கிட்டே போகப்போகப் பிளந்துகொண்டே வந்தது. முன்னால் ஒரு குன்று, அதற்குப் பின்னால் ஓர் இடுக்கு, இடுக்கில் இன்னொரு மலை, அதன் மேல் பாறைச் சரிவு. அந்த முகட்டுக்கு வடக்கே, மேகமலைக்கு அந்தப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல்கள். தமிழ்நாட்டுக்கு ஒரு கியாந்தி உண்டென்றால் அங்கேதான், பழமாகத் தின்னும் பன்னீர் திராட்சை. நேரே போக வழியில்லை. இடையில் இருப்பது காடு. 1988ல் சாம்பல் நிற மலை அணிலுக்கான சரணாலயமாகவும், 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆன காடு. யானை இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போன தோப்பு ஒன்றைக் காட்டி, “இதுக்கு மேல நம்ம வேலை இல்ல” என்று வண்டியைத் திருப்பினார்.

திரும்பும்போது காற்று முகத்தில். சிறிது தூரம் போனதும் அவர் மிதிப்பதை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். எதிர்காற்றிலும் வண்டி நிற்கவில்லை. தானாக இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு பர்லாங்கு, இரண்டு பர்லாங்கு. அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்புவதற்கில்லை.

“இப்ப எழுதுறதில்லையா அண்ணாச்சி?” என்று மட்டும் சேற்றூர் டீக்கடையில் கேட்டேன்.

“நைட் ஷிப்ட் போட்டுட்டாங்க. எழுத நேரமில்ல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க எழுதினதால ஒண்ணுமில்ல” என்றார். நான் கேட்காத கேள்விக்கு வந்த அந்தப் பதிலை எங்கே வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து போகிறோம். அந்தத் தொகுப்புக்குப் பிறகு அவர் கவிதை எதையும் நான் பார்க்கவில்லை.

என் மதிப்புரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட ஒரு நண்பர் முன்வந்திருக்கிறார். அந்தக் கட்டுரையை நீக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீக்கினால் பிழை என்னிடம் மட்டும் தங்கிவிடும், அச்சில் ஏறியது அச்சிலேயே கிடக்கும். அந்தப் பத்தியைத் தொடாமல் அப்படியே விட்டு, அடியில் குறிப்பாக மூன்று வரி சேர்த்தேன். சாலை ஏறுகிறது, கவிஞர் எழுதியது சரி, மதிப்புரையாளர் அந்தச் சாலையில் மிதித்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு அந்தத் தாளை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, விட்டுப்போயிருந்த ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.