அடுக்களைச் சிக்கனமும் அன்னையின் கோப்பையும்

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. கையிலுள்ள பொருளைக்கொண்டு வீட்டார் அனைவரையும் வயிறார உண்பிப்பது சிக்கனம். பொருள் இருந்தும் உண்ணாமலும் உண்பிக்காமலும் பூட்டி வைப்பது உலோபம். இவை இரண்டிலும் சேராத மூன்றாவது வழக்கம் ஒன்றும் எங்கள் வீடுகளில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. சமைப்பவள் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு குடும்பத்தின் வரவையும் செலவையும் சரிக்கட்டுவதே அது. அதற்குத் தியாகம் என்று பெயரிட்டு எல்லாரும் போற்றுகின்றோம். என்னைக் கேட்டால், அதனைக் கணக்குப் பிழை என்றே சொல்வேன்.

விலைவாசி ஏறும் காலம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது மக்கள் பொறுக்கமாட்டாமல் ஆகஸ்ட் 12 ஆம் நாள் ஹர்த்தால் நடத்தினர். 1990களில் வடபகுதிக்குப் பண்டங்கள் வருவது தடைப்பட்டுக் கிடந்தது. 2022 செப்டெம்பரிலோ, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. அதன்பின் ஏற்றத்தின் வேகம் தணிந்ததேயன்றி விலைகள் பழைய படிக்கு இறங்கவில்லை. இப்படிப்பட்ட காலங்களில் எல்லாம் அடுக்களையில் விழுந்த துண்டைச் சத்தமின்றி நிரப்பியவள் தாயே.

நான் சிறுமியாக இருந்தது அந்த 1990களில். இராப்பொழுதில் அம்மா மிஞ்சிய சோற்றையும் கறிகளையும் ஒன்றாகக் குழைத்து, சுற்றியிருக்கும் எங்கள் கைகளில் உருண்டை உருண்டையாக வைப்பார். அந்தக் குழைசோற்றின் சுவை இன்றும் நாவில் நிற்கின்றது. "பிள்ளையள், நீங்கள் சாப்பிடுங்கோ. நான் பிறகு ஆறுதலாச் சாப்பிடுறன்" என்பார். ஒரு நாள் கிணற்றடியில் தலை சுற்றி விழுந்தார். உடம்பில் இரத்தம் போதாது என்றார் வைத்தியர். அன்றிரவே அப்பா ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். கோப்பைகள் ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்து, உள்ளதை ஐந்திலும் பகிர்ந்த பின்னரே எவரும் கை வைக்கலாம் என்பதே அவ்வழக்கம். அம்மா முதலில் நாணினார், பின்னர் பழகிக்கொண்டார். அரிசி ஒரு சுண்டுகூட மேலதிகமாகச் செலவாகவில்லை. அம்மாவின் முகத்தில் மட்டும் மெல்ல மெல்லத் தெளிவு திரும்பியது.

அப்படியானால் பணத்தை எங்கே மிச்சம் பிடிப்பது? என் வீட்டில் நான் கைக்கொள்ளும் சில வழிகளைச் சொல்கின்றேன்.

முதலாவது சந்தை. வேண்டியவற்றை எழுதிக்கொண்டு, வயிறு நிறைந்திருக்கும் வேளையிற் செல்வது நன்று. பசியோடு போகிறவரின் பை வீணாகப் பருக்கும். சிறு சிறு பொட்டலங்களில் விற்கும் மிளகாய்த்தூளையும் சரக்குத்தூளையும் கிலோக் கணக்கிற் பெருக்கிப் பாருங்கள். பெரும்பாலும் பொட்டலத்துக்கே அதிக விலை கொடுப்பது தெரியவரும். செத்தல் மிளகாயும் மல்லியும் மொத்தமாக வாங்கி, வறுத்து, மில்லில் அரைப்பித்து வைத்தால் பல வாரங்களுக்குக் கவலையில்லை.

இரண்டாவது பருவம். கத்தரிக்காயும் பாகற்காயும் மலிந்து கிடக்கும்போது வாங்கி வற்றலாக்கி வைப்பதும், வேப்பம்பூக் காலத்தில் வடகம் போடுவதும், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்குவதும் எங்கள் முன்னோர் அறிந்த வித்தைகள். வெயிலுக்கு எவரும் விலை கேட்பதில்லை.

மூன்றாவது தேங்காய். ஒரே நாளிற் பாற்கறி, சொதி, சம்பல் மூன்றையும் வைத்தால் தேங்காய்ச் செலவு தாங்காது. சம்பல் அரைக்கும் நாளிற் பாற்கறியை நிறுத்திவிடலாம். சம்பலில் தேங்காய்ப்பூ முழுவதுமே உணவாகின்றது. கறி வைக்கும் நாளில் இரண்டாம் பாலிற் காயை அவித்து, முதற்பாலை இறக்குந் தறுவாயிற் சேர்த்தால் சிறிதளவு பாலும் நிறைந்த சுவை தரும்.

நான்காவது அடுப்பு. கடலை, பயறு, கௌப்பி ஆகியவற்றை முதல் நாளிரவே ஊறவைத்தால் விரைவில் அவியும். கொதி வந்த பின் தீயைத் தணித்து மூடிவைத்தால் விறகாயினும் எரிவாயுவாயினும் மிஞ்சும். மரவள்ளிக் கிழங்குக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அதில் சயனைட்டு நஞ்சு இருப்பதனால், தோலை நன்றாக நீக்கி, நிறைந்த நீரில் மூடாமல் அவித்து, அந்நீரைக் கொட்டிவிடவேண்டும்.

மலிவான உணவு சத்தற்ற உணவு என எண்ணுவோரும் உளர். அரிசியிற் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக்கூறு பருப்பு வகைகளில் மிகுதியாக உண்டு. பருப்பிற் குறைவானதை அரிசி நிறைவு செய்கின்றது. எனவே சோறும் பருப்புமாக உண்பது ஏழைமையின் அடையாளமன்று, அறிவின் அடையாளம். பெரிய மீனின் துண்டுக்குக் காசு போதாவிட்டால், முள்ளோடு மென்று தின்னத்தக்க நெத்தலி உண்டு. அந்த முள்ளிலே சுண்ணாம்புச் சத்து இருக்கின்றது. வேலியோரத்து முருங்கையிலையை வறையாக்கி, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விட்டால், இலையிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர அப்புளி துணைபுரியும். சோறுண்ட கையோடு தேநீர் குடிப்பதோ அதனைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் தேநீரும் சுவைக்கும், உண்டதும் பயன் தரும்.

இவ்வாறு பார்த்துப் பார்த்துச் சமைத்த பின்னர், பகிர்விலே தவறினால் பாடெல்லாம் வீண். பிள்ளை பெறும் பருவத்திலுள்ள பெண்ணுக்கு ஆணைக்காட்டிலும் ஏறக்குறைய இருமடங்கு இரும்புச்சத்து வேண்டும் என்பது உணவியலார் கணிப்பு. எங்கள் வழக்கமோ மீனின் நடுத்துண்டைக் குடும்பத் தலைவனுக்கும், அடுத்த துண்டுகளைப் பிள்ளைகளுக்கும், சட்டியின் அடியைச் சமைத்தவளுக்கும் ஒதுக்குகின்றது. அதிகம் வேண்டியவளுக்கே குறைவாகக் கிடைக்கின்றது. அவள் நோயுற்றால் மருந்துக்கும் பிரயாணத்துக்கும் போகும் பணம், அவள் கோப்பையில் மிச்சம் பிடித்ததைப் போலப் பலமடங்காகும். அக்காலத்தில் அடுப்பை மூட்டவும் ஆள் வேண்டுமன்றோ?

சகோதரிகளே, நாளாந்தச் செலவைக் கொப்பியில் எழுதும் வழக்கம் உங்களிற் பலருக்கு இருக்கும். அப்பக்கத்தின் ஓரத்தில் இன்னொரு குறிப்பும் எழுதுங்கள்: இன்று நான் என்ன உண்டேன்? ஒரு வாரம் எழுதிய பின், அதனை வீட்டாரும் வாசிக்கட்டும். கணவன்மாரும் வளர்ந்த பிள்ளைகளும் அவ்வரிகளைக் கண்டால் கோப்பையொன்றைக் கூட்டி வைக்கத் தாமே முன்வருவர். அரிசி விலையைக் குறைப்பது நம் கையில் இல்லை. பானை இறங்கியவுடன் எல்லாக் கோப்பைகளையும் ஒன்றாக வரிசைப்படுத்துவது, இன்று மத்தியானமே செய்யக்கூடிய காரியம்.