வத்தலக்குண்டு வெயிலும் கொடைக்கானல் மழையும்

கத்திரி வெயில் காலத்தில் வானிலை அறிக்கையைக் கேட்டுவருபவர்களுக்கு அந்த வாசகம் மனப்பாடமாகியிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும். நீலகிரி, கோவை, தேனி என்று போகும் பட்டியலில் திண்டுக்கல்லும் வந்ததும் என் மச்சினன் முகம் வாடிவிட்டது. "மாமா, கொடைக்கானல் ரூம கேன்சல் பண்ணிரலாமா?"

வேண்டாம் என்றேன். 'ஓரிரு இடங்களில்' என்றால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால்பங்கு இடங்களில்தான் மழை இருக்கும் என்று கணக்கு. 'மிதமான மழை' என்பது 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர் வரை. 16 பெய்தாலும் மிதம், 64 பெய்தாலும் மிதம். போதாததற்கு, ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் வெந்துகொண்டிருக்கும் வத்தலக்குண்டும், 7,000 அடியில் இருக்கும் கொடைக்கானலும் ஒரே மாவட்டம். மாவட்டத்துக்கென்று சொல்லும் அறிக்கை இரண்டுக்கும் பொதுவாகத்தான் இருக்கும். அதை நம்பி ஸ்வெட்டரை எடுத்துவைக்கலாம். அறையை ரத்து செய்வதெல்லாம் அதிகம்.

மலையேறியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸைக் காட்டினோம், பெருமாள்மலைக்கு அப்புறம் வண்டிகள் நகராமல் நின்றன, இருட்டும்போது ஊருக்குள் போனோம்.

மறுநாள் காலை கோக்கர்ஸ் வாக். 1872-இல் போட்ட நடைபாதை. மலையின் தெற்கு விளிம்பில், சமவெளியை எட்டிப் பார்க்கிற மாதிரி போகிறது. எல்லாரும் முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிற இடம். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்குப் பெரியகுளம் பக்கத்துத் தோப்புகளும் வயல்களும் துலக்கமாகத் தெரிந்தன. பத்தைத் தாண்டியதும் சரிவின் பாதியில், மரங்களுக்கு மேலே, ஒரு வெள்ளைத் துணுக்கு தோன்றியது. எங்கிருந்தும் மிதந்து வரவில்லை. நின்ற இடத்திலேயே உண்டானது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து பாறை முகத்தில் ஊர்ந்து மேலே வந்தன. பதினொன்றரைக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. செல்ஃபிக்காரர்கள் "ச்சே, வியூவே போச்சு" என்று கிளம்பினார்கள். அன்றைய மழைக்கு அச்சாரம் போடப்பட்டது அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான்.

விஷயம் இதுதான். காலை வெயிலில் சமவெளியும் மலைச்சரிவும் சூடேறுகின்றன. சூடான காற்று சரிவைப் பிடித்துக்கொண்டு மேலேறுகிறது. கோடையில் கடலிலிருந்து உள்ளே வரும் ஈரக்காற்றும் அதோடு சேர்ந்துகொண்டால், மேலே போகப் போகக் குளிர்ந்து மேகமாகிறது. ஈரம் நீர்த்துளியாக மாறும்போது வெளியாகும் வெப்பம் மேகத்தை இன்னும் உயரே தள்ளுகிறது. பிற்பகலுக்குள் அது பல கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி, உச்சியில் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று மோதி மின்னூட்டம் பெறுகின்றன. அப்புறம் இடி.

ஆகவே "பெரிய ஏரி இருக்குல்ல, அதான் மழை" என்று அங்கே பலரும் சொல்வதை நான் ஏற்பதில்லை. கொடைக்கானல் ஏரி 1863-இல், மதுரை கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்ச், ஓடையை மறித்துக் கட்டியது. பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றி நடந்தால் ஐந்து கிலோமீட்டர். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி போல 68,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் விரிந்து கிடந்தால், அது தானே இடிமழையை உண்டாக்கும். அங்கே இரவில் ஏரிக்கு நடுவே இடி வெட்டும். நம்முடைய 60 ஏக்கரால் அதெல்லாம் ஆகாது. கொடைக்கானல் மழைக்கு அடுப்பு எரிவது வத்தலக்குண்டிலும் பெரியகுளத்திலும்தான்.

இந்த ஊருக்கும் மழை ஆராய்ச்சிக்கும் பழைய உறவு உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை ஏன் பொய்க்கிறது, சூரியனுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வலுத்தது. அந்தக் கேள்வியும் சேர்ந்துதான் 1899-இல் இங்கே சூரிய ஆய்வகத்தைக் கொண்டுவந்தது. 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். மழையைத் தேடிப் போய் சூரியனைப் பிடித்திருக்கிறார்கள்.

மத்தியானம் ஏரிக்கரைக்குப் போனபோது வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. படகுக்கு நீண்ட வரிசை. குதிரைக்காரர் ஒருவர் சேணத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். "என்னண்ணே, வெயிலடிக்குது, மூடுறீங்க?" என்றேன். தலையைத் தூக்காமலே, "அந்தா பாருங்க சார், காத்து திரும்பிருச்சு" என்றார். உண்மைதான். அதுவரை முதுகில் பட்ட காற்று இப்போது முகத்தில், அதுவும் சில்லென்று அடித்தது. மேகத்திலிருந்து மழைக்கு முன்னால் இறங்கி ஓடிவரும் காற்று அது.

விசில் ஊதினார்கள். மிதிபடகுகள் கரைக்குத் திரும்பத் தொடங்கின. புதுமணத் தம்பதி ஒன்று ஏரி நடுவில் ஆளுக்கொரு பக்கமாக மிதித்து, வட்டமடித்துக்கொண்டிருந்தது. முதல் மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பித்தேன். ஒன்பது வினாடி கழித்து இடி. ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று வினாடி ஆகும் என்பதால், மூன்று கிலோமீட்டர் தூரம். அடுத்தது ஆறு. பஜ்ஜிக் கடையின் தகரக் கூரை பாதுகாப்பு ஆகாது. மரத்தடி அதைவிட மோசம். எல்லாரையும் வேனுக்குள் ஏற்றிக் கண்ணாடியை உயர்த்தினேன். மச்சினன் செல்போனில் 'தாமினி' செயலியைத் திறந்தான். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். "இருபது கிலோமீட்டருக்குள்ள மின்னலாம் மாமா" என்றான். கண்ணெதிரே வெட்டியது.

பிறகு ஆலங்கட்டி. பட்டாணி அளவில் ஆரம்பித்தது, வேன் கூரையில் யாரும் பேச முடியாத சத்தம். ஏரித் தண்ணீர் கொதிப்பதுபோல் துள்ளியது. பஜ்ஜிக் கடைப் பையன் டம்ளரைக் கூரைக்கு வெளியே நீட்டி நிரப்பிக்கொண்டு, கடைக்கார அம்மாவிடம் காட்டி, முதுகில் ஒன்று வாங்கினான். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்து, மேற்கே வெளுத்தும் விட்டது. கோடையில் கொடைக்கானலுக்கு வந்துவிட்டு மழையைக் குறை சொல்பவர்களை எனக்குப் புரிவதேயில்லை. மழையைக் கழித்துவிட்டால் அங்கே மிச்சமிருப்பது வண்டிப் புகையும் சாக்லேட் கடையும்தான்.

வெள்ளி அருவிக்குப் போகலாம் என்று கிளம்பினோம். ஏரியின் உபரிநீர்தான் அங்கே 180 அடியிலிருந்து விழுகிறது. மழை நீரும் சேர்ந்து செம்மண் நிறத்தில் கொட்டியது. பக்கத்தில் நின்ற அரசுப் பேருந்தின் நடத்துநரிடம் நாளைக்கும் மழை இருக்குமா என்று கேட்டேன்.

"நாங்க இப்பத்தான் வத்தலக்குண்டுலேர்ந்து ஏறி வர்றோம். ரோட்டுல தார் இளகிக் கெடக்கு. நாளைக்கு மத்தியானம் இங்க நிச்சயம் உண்டு சார்."

கவுண்ட்டர் திறந்ததும் படகுக்கு முதல் டிக்கெட் நம்முடையது என்று மச்சினன் அங்கேயே சொல்லிவிட்டான்.