பத்து நாளில் ரொக்கம்

"காலி வீட்டைக் கையில் கொடுங்க சார், பத்தாவது நாள் பணம் உங்க கையில" என்று அந்த மனிதர் சொன்னது 2016 அக்டோபரில், ஆயுத பூஜை முடிந்த வாரம். தரகர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்.

விற்க வேண்டிய அவசரம் என்னுடையது அல்ல, தம்பியுடையது. திருவல்லிக்கேணியில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருந்தான். தொழில் நொடித்துப்போய், தாம்பரத்தில் அப்பா கட்டிய வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் வட்டியோடு 32 லட்சம் ஆகிவிட்டது. செப்டம்பர் கடைசியில் வங்கியிலிருந்து சர்ஃபேசி சட்டப்படி நோட்டீஸ் வந்தது. 60 நாளுக்குள் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்வார்கள். "அண்ணா, அம்மா இருந்த வீடு" என்றான். அதற்குமேல் அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னிடம் இருந்தது நந்தனத்து ஃப்ளாட் ஒன்றுதான். தேனாம்பேட்டை ஏஜிஸ் ஆபீஸில் வேலை பார்த்தபோது, 1987-இல், அலுவலக வீட்டுக் கடனில் வாங்கியது. எட்டு வீடுகள் கொண்ட கட்டடம், லிஃப்ட் கிடையாது, எங்களுடையது தரைத்தளம். ஊருக்கு 'நந்தன' வருஷத்தை ஒட்டி ராஜாஜி வைத்த பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நந்தன வருஷம் 1952-இல் வந்தது. நாங்கள் போனபோதும் சாயங்காலத்தில் ஒய்எம்சிஏ மைதானத்துப் பக்கமிருந்து காற்று வரும். 2001-இல் மடிப்பாக்கத்துக்குக் குடிபோனதும் அதை வாடகைக்கு விட்டேன். வந்தவர் ஒரு கணக்கு டீச்சர். கணவரை இழந்தவர், ஒரே மகன். பதினைந்து வருஷம் இருந்தார். ஒரு மாதம்கூட வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை.

வாங்க வந்தவர் சொன்ன கணக்கு இது. வெளியில் 90 லட்சம் போகும் வீடு. அவர் தருவது 80. அதில் 45 பத்திரத்தில், டிடியாக. மீதி 35 பையில். 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குகிறவர் ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். அதனால் 45-இல் நிறுத்தியிருந்தார். ஆசாமி யோசித்துத்தான் வந்திருந்தார்.

முப்பத்தாறு வருஷம் பிறர் கணக்கில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். 2015 ஜூன் முதல் தேதியிலிருந்து சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் முதல் ரொக்கமாக வாங்குவது தப்பு என்பதும், அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம் என்பதும் எனக்குத் தெரியும். முக்கியமாக, மாட்டுவது கொடுத்தவன் அல்ல, வாங்கியவன், அதாவது விற்கிறவன். இதை என் வயதுக்காரர்கள் பலர் இன்றும் மாற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்தும் சரி என்றேன். இரண்டு லட்சம் அட்வான்ஸ், எல்லாம் ஆயிரம் ரூபாய் நோட்டு, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். கோத்ரெஜ் பீரோவில் வைத்தேன். என் மனைவி அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை.

டீச்சரிடம் சொல்லப் போனதுதான் கஷ்டமான வேலை. அப்போது நடைமுறையில் இருந்தது 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். "காலி செய்ய மாட்டேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்திருப்பேன். வாங்குகிறவர்கள் எல்லாரும் 'காலி வீடு' என்று அடித்துச் சொல்வது அதனால்தான். அவர் அப்படிச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சார், பையன் பெங்களூர்ல இருக்கான். லோன் போட்டு நாங்களே வாங்கிக்கலாமான்னு முன்னாடியே பேசிண்டிருந்தோம். 85 வரைக்கும் பார்க்கலாம்னான். ரெண்டு மாசம் ஆகும்" என்றார்.

ஐந்து லட்சம் அதிகம், அத்தனையும் வெள்ளை. ஆனால் எனக்கு இரண்டு மாதம் இல்லை. அதுதான் அப்போது என் கணக்கு. "பேங்க் லோன்னா இழுத்துடும் டீச்சர்" என்றேன். "சரி சார்" என்றார். எப்போது காலி செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டார். இருபது நாள் கொடுத்தேன். இருபது நாள்!

நடுவில் தீபாவளி வந்தது. வருஷா வருஷம் போலவே ஒரு எவர்சில்வர் டப்பாவில் மிக்சரும், சின்னக் கிண்ணத்தில் லேகியமும் கொடுத்தனுப்பியிருந்தார். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சர்க்கரை போட்டுக் கொடுப்பாள் என் மனைவி. அந்தத் தடவை என்ன போடுவது என்று தெரியாமல் நின்றாள்.

நவம்பர் 4, வெள்ளிக்கிழமை, டீச்சர் சைதாப்பேட்டைக்குக் குடிபோனார். ஒரு லட்சம் வாடகை அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா? பீரோவைத் திறந்து, அந்த இரண்டு லட்சத்தில் ஒரு கட்டை எடுத்து அப்படியே கொடுத்தேன். செக் எழுதிக் கொடுத்திருக்கலாம். பேங்கில் என் கையிருப்பு குறைய வேண்டாம் என்று ஒரு அல்ப எண்ணம். பத்திரப் பதிவு அடுத்த வெள்ளி, 11-ஆம் தேதி.

செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் பிரதமர் பேசினார். அதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பத்து மணிக்குத் தரகர் போன் செய்தார். "சார், அவர் 35-க்குப் பதில் 45 தர்றேங்கறார். பழைய நோட்டுதான். ராத்திரியே கொண்டு வந்துடறோம்." முடியாது என்றேன். நேர்மையால் சொன்னேன் என்று எழுதினால் என் மனைவியே சிரிப்பாள். பயத்தில் சொன்னேன். பிறகு அந்த மனிதர், தான் கொடுத்த இரண்டு லட்சத்தைப் புது நோட்டாகக் கேட்டார். வாரத்துக்கு 24,000 என்று பேங்கில் அளந்து கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. செக் எழுதித் தருகிறேன் என்றேன். செக் என்றதும் ஆள் காணாமல் போனார். பிப்ரவரியில் வந்து செக்கை வாங்கிக்கொண்டு போனார்.

12-ஆம் தேதி, சனிக்கிழமை, மீதி ஒரு லட்சத்தை என் கணக்கில் கட்ட நந்தனத்துக் கிளைக்குப் போனேன். பென்ஷன் கணக்கு இன்னும் அங்கேதான். வரிசை டீக்கடையைத் தாண்டி நின்றது. எனக்கு முன்னால் பத்துப் பேர் தள்ளி, குடையை ஊன்றிக்கொண்டு டீச்சர். அவருக்கும் கணக்கு அதே கிளைதான். அப்போது வயது 71.

"நீங்க எதுக்கு டீச்சர் வந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க கொடுத்ததுதான் சார்" என்றார்.

குற்றம் சொல்லும் குரலே இல்லை. சைதாப்பேட்டை வீட்டுக்காரரிடம் அட்வான்ஸாகக் கொடுத்திருக்கிறார். அவர் புதன்கிழமை காலையிலேயே வந்து திருப்பிக் கொடுத்துவிட்டாராம். வியாழனும் வெள்ளியும் நின்று, கவுன்டரை எட்டுவதற்குள் ஷட்டரை இறக்கிவிட்டார்களாம். என் பையிலும் அவர் பையிலும் இருந்தது ஒரே ஆள் கொடுத்த கட்டு. அவர் முறை வந்தபோது திரும்பி, "நீங்க முன்னாடி வாங்களேன் சார், உங்களுக்கு சுகர் இருக்கே" என்றார். நான் போகவில்லை.

மறுநாளே சைதாப்பேட்டைக்குப் போய், மகனிடம் வீட்டைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள் என்று கேட்டேன். "அவன் அங்கேயே ஒரு ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டான் சார், நீங்க முடியாதுன்னதும்" என்றார். காபி கொடுத்தார்.

இதில் ஒரு வேடிக்கை. தம்பிக்கு நோட்டீஸ் அனுப்பிய வங்கியில் ஜனவரி வரை எல்லாரும் பழைய நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். 60 நாள் வந்தது, போனது, ஒருவரும் வரவில்லை. பிறகு பேசியபோது தவணை கொடுத்தார்கள். வட்டி ஏறியது, தாம்பரம் வீடு போகவில்லை.

நந்தனம் வீடு எட்டு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. 2017 ஆகஸ்டில்தான் விற்றது. சின்ன வயசுத் தம்பதி, இரண்டு பேரும் ஐடி வேலை, வங்கிக் கடன். வக்கீல் கருத்து, தாய்ப் பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, மதிப்பிட வந்த என்ஜினியர் என்று ஏழு வாரம் ஆயிற்று. டீச்சர் கேட்டது எட்டு வாரம். விலை 76 லட்சம், அத்தனையும் பத்திரத்தில். பழைய சொத்துக்கு 2001 ஏப்ரல் மதிப்பை அடிப்படையாகக் கொள்ளலாம் என்று அந்த வருஷம்தான் வருமான வரியில் விதி மாறியிருந்ததால், வரி நான் பயந்த அளவு வரவில்லை.

பதிவுக்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் மின் இணைப்பைப் பெயர் மாற்ற ஈபி விவரம் கேட்டார்கள். டீச்சர் காலி செய்த அன்று சாவியோடு கொடுத்த மஞ்சள் பையை அதுவரை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே 2001-இலிருந்து அத்தனை ஈபி வெள்ளை அட்டைகளும் வருஷ வாரியாக நூலால் கட்டி இருந்தன. கடைசி அட்டையில் ஒரு துண்டுக் காகிதம் குத்தியிருந்தது. நவம்பர் 4 வரை ஓடிய யூனிட்டைக் கணக்குப் போட்டு, 212 ரூபாயை மடித்து உள்ளே வைத்திருந்தார். நூறு ரூபாய் நோட்டு இரண்டு, பத்து ஒன்று, இரண்டு ரூபாய் நாணயம் ஒன்று.