‘போயிட்டு வந்துடலாம்!’ - அம்மாவுடன் சில ஞாயிற்றுக்கிழமைகள்

காலையில் கிளம்பி, ராத்திரி சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிவிடுகிற பயணத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் உண்டு: ‘போயிட்டு வந்துடலாம்.’ லாட்ஜ் தேட வேண்டாம், லீவு சொல்ல வேண்டாம், பெட்டி கட்ட வேண்டாம். ஒரு தண்ணி பாட்டில், ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை. அவ்வளவுதான்.

பல வீடுகளில் அம்மாக்களுக்கு வாய்க்கிற பயணமே இது ஒன்றுதான். இரண்டு நாள் டூர் என்றால், ‘அப்பாவுக்கு மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பா, பால் யார் வாங்குவா, மோட்டார் யார் போடுவா’ என்று கேள்விகள் வரிசைகட்டும். சாயந்திரம் வந்துவிடலாம் என்றால் அதில் முக்கால்வாசி காணாமல் போகும்.

என் அம்மாவுக்கு 54 வயது. சென்னைக்கு வாக்கப்பட்டு வந்து 28 வருஷம். கல்யாணம், காதுகுத்து, துக்கம், கோயில் - இந்த நான்கும் இல்லாத ஒரு காரணத்துக்காக அவர் வெளியூர் பஸ் ஏறியதே இல்லை. ஒன்றரை வருஷமாக, எனக்கு ஞாயிறு ஆஃப் கிடைக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் கிளம்பிவிடுகிறோம். அப்படிப் போன மூன்று ஊர்கள் இங்கே.

வேடந்தாங்கல்: வெடி வெடிக்காத ஊர்

சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. திண்டிவனம் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி மதுராந்தகத்தில் இறங்கி, அங்கிருந்து உள்ளே போக வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். நாங்கள் போனது ஜனவரியில். ஏரிக்கு நடுவே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் இலையைவிடப் பறவைதான் அதிகம் தெரிந்தது.

நான் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பெயர் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா போனைத் தொடவே இல்லை. “அது நத்தைகுத்தி. மூக்கு மூடினாலும் நடுவுல சந்து தெரியும் பாரு. அது வக்கா, ராத்திரிலதான் இரை தேடும். அந்தாண்ட றெக்கையை விரிச்சுக் காயவைக்குதே, அது நீர்க்காகம்” என்று அடுக்கிக்கொண்டே போனார். திருவாரூர் பக்கத்து வயல்காட்டில் வளர்ந்தவர். இத்தனை வருஷத்தில் இதையெல்லாம் அவரிடம் யாரும் கேட்டதில்லை. கூழைக்கடாவுக்கு மட்டும்தான் நான் பெயர் சொன்னேன்.

இந்த ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றுவது நேற்று இன்று தொடங்கியதல்ல. பறவைகள் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் இரை எடுத்துவிட்டு இங்கே வந்து கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது அதுவே உரமாகிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் 1790-களில் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். 2022-ல் இந்த ஏரி ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தீபாவளிக்கு இங்கே இன்றைக்கும் வெடி வெடிப்பதில்லை.

“விருந்தாளி வந்திருக்கிற வீட்டுல எப்படிச் சத்தம் போடுவாங்க?” என்றார் அம்மா.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அங்கே இருப்பதுபோலப் பார்த்துக்கொள்ளுங்கள். இரை தேடிப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது.

உத்திரமேரூர்: கணக்கு காட்டாதவருக்கு இடமில்லை

பள்ளிப் பாடத்தில் குடவோலை முறை படித்த எல்லோரும் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டிய சுவர், இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன முறையை வரி வரியாகச் சொல்கின்றன.

வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி என்று நிபந்தனைகள் நீள்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்கு காட்டாதவர்களும், அவர்களுடைய உறவினர்களும் சேர முடியாது.

நான் இதைச் சொல்லி முடித்ததும், “எங்க குழுவுலயும் அதேதான். ஒருத்தி கணக்கு ஒப்படைக்கலைன்னா அவ நாத்தனாருக்கும் லோன் கிடையாது” என்றார் அம்மா. எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவில் ஆறு வருஷம் நோட்டு எழுதியவர் அவர். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துவிட்டுக் கேட்டார்: “இந்தக் குடத்துல பொம்பளை பேரு விழுந்திருக்குமாடி?”

நிலமும் வேதமும் நிபந்தனையாக இருந்த பட்டியலில் அம்மா மாதிரியானவர்களுக்கு இடம் இருந்திருக்காது. இன்றைக்குத் தமிழக உள்ளாட்சியில் 50 சதவிகித இடங்கள் பெண்களுக்கு. அதைச் சொன்னேன். “அப்ப நின்னுடலாமா?” என்று சிரித்தார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சதுரங்கப்பட்டினம்: கடலோரக் கோட்டை

மாமல்லபுரத்தைத் தாண்டி, கல்பாக்கம் அருகில். டச்சுக்காரர்கள் துணி வியாபாரத்துக்காக நிலைகொண்ட ஊர். செங்கல் கோட்டையின் மிச்சம், உள்ளே தானியக் கிடங்குகள், செதுக்கு வேலைப்பாட்டோடு டச்சு கல்லறைகள். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மிச்ச நேரத்துக்குக் கடல் இருக்கிறது. கூட்டமில்லாத கரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். அம்மா அன்று ஒரு மணி நேரம் எதுவுமே பேசவில்லை. வீட்டில் யாரும் அவரைக் கூப்பிடாமல் ஒரு மணி நேரம் இருந்து நான் பார்த்ததில்லை.

தண்ணி குடிக்காத பயணிகள்

பயணம் போகும் நாளில் அம்மா காலையிலிருந்தே தண்ணி குடிக்க மாட்டார். அம்மா மட்டுமல்ல, பஸ்ஸில் பக்கத்து சீட் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், பலரும் இதையே சொல்வார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. டிக்கெட் காசு ஒரு தடையாக இருந்தது குறைந்திருக்கிறது. ஆனால், இறங்குகிற இடத்தில் கதவு பூட்டும், தண்ணி வரும் ஒரு கழிவறை இல்லையென்றால் அந்தப் பயணம் பாதி நாள் சித்ரவதைதான். ஒரு ஊரில் கழிவறை பூட்டிக் கிடக்க, சாவி வைத்திருப்பவரைத் தேடி முக்கால் மணி நேரம் அலைந்தோம். அதற்குப் பிறகு எங்கள் பயணத் திட்டத்தில் முதலில் குறிப்பது கழிவறைதான். பார்க்க வேண்டிய இடம் அடுத்ததுதான்.

நீங்களும் கிளம்ப...

* ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும். இரண்டு ஊர் என்றால் பஸ் ஸ்டாண்டைத்தான் பார்ப்பீர்கள்.
* திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை, இறங்கியதுமே டீக்கடையில் கேட்டுவிடுங்கள்.
* ஹோட்டல், பெட்ரோல் பங்க் என்று கழிவறை உள்ள இடங்களை வழியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் சொல்லியும் வையுங்கள். அப்போதுதான் தண்ணி குடிப்பார்.
* கோயில் என்றால் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள்.
* “அம்மா, வர்றியா?” என்று கேட்காதீர்கள். வராமல் இருக்க அவரிடம் நூறு காரணம் இருக்கும். “அம்மா, எங்க போகலாம்?” என்று கேளுங்கள். சதுரங்கப்பட்டினம் அப்படித்தான் கிடைத்தது. “கடல் பார்க்கணும், ஆனா மெரினா வேண்டாம்” என்று சொல்ல அவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.