பூனைக்கும் ஒரு தடுப்பூசி

கல்குடாவில் மீன்வாடை வீசும் இடமெல்லாம் பூனை உண்டு. எலியிடமிருந்து வலையைக் காப்பதும் அதுவே. ஆயினும் அதற்கென ஒரு செலவு என்றால் நம்மவர் முகஞ் சுளிப்பர்.

விசர்நோய் நாய்க்கு மட்டும் உரியதன்று. விசர்நாயாற் கடியுண்ட பூனை தன்னை வளர்த்தோரையே கடித்தல் கூடும். நோய்க்குறி தோன்றியபின் உயிர்தப்புதல் அரிதினும் அரிது. நம் நாட்டில் 1973-ம் ஆண்டில் இந்நோய்க்கு இரையானோர் 377 பேர். அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டுக்கு ஐம்பதிலும் குறைந்துள்ளது. விலங்குகளுக்கு இட்ட ஊசி இதற்கு ஒரு பெருங்காரணம்.

எங்கள் இல்லத்திற் பூனைகள் மூன்று. பேர்த்தி அவற்றோடுதான் உறங்குவாள். தனியார் நிலையமொன்றில் மூன்றுக்கும் கேட்ட தொகை என் ஓய்வூதியத்துக்குத் தாங்காது. பின்னர் சுகாதாரப் பணிமனையில் விசாரித்தேன். அரசாங்கம் நாய்களுக்கு மட்டுமன்றிப் பூனைகளுக்கும் இவ்வூசியை இலவசமாக இடுகின்றதென அறிந்தேன். குறித்த நாளில் மூன்றையும் கூடையில் வைத்து மூடிக் கொண்டு சென்றேன். சிலர் நகைத்தனர், மறு ஆண்டில் அவர்களுட் சிலரும் கூடையோடு நின்றனர்.

மூன்று மாதம் நிரம்பிய குட்டிக்கு முதலூசி. பின்னர் ஆண்டுதோறும் ஒன்று. கடியோ பீறலோ பட்டால், சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கால்மணி நேரம் கழுவி, தாமதியாது அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

வங்கநாட்டில் மகவைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனையே வாகனம். நம் மகவையும் பூனையையும் ஒருசேரக் காப்பது இச்சிறு ஊசி. கல்லூரி மாணவர், ஊசியிடும் நாளை வீடுவீடாக அறிவிப்பாராயின், அதுவே இவ்விழாவாண்டின் நற்பணியாகும்.